சில்வராடோ சூடானதும் மூன்றாம் கியர் பிடிக்காமல் நழுவுகிறது, கியர் பொக்ஸைக் கழற்றத்தான் வேண்டுமா?

மரவேலைக்காரன் (ஸ்காபுறோ):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2003 செவ்ரோலே சில்வராடோ 1500 இருக்கிறது. 5.3 லீற்றர் வி8, நாலு கியர் ஓட்டோமற்றிக். கிச்சின் கபினெட் பூட்டுகிற வேலை என்னுடையது, அதனால் பின்னால் எப்போதும் பாரம் இருக்கும், சில நாட்களில் சின்ன ட்றெயிலரும் கொழுவுவேன். 290,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது. எஞ்சின் இன்னும் நன்றாக ஓடுகிறது, சில்லுக்கு மேலே உள்ள வளைவுகளில் துரு பிடித்திருக்கிறதே தவிர சேஸி உறுதியாக இருக்கிறது. இவ்வளவு காலம் கைகொடுத்த வண்டி, விற்க மனமில்லை. அதோடு இன்றைக்கு ஒரு நல்ல ட்றக் பார்க்கப் போனால் என்ன விலை சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பிரச்சினை இதுதான். காலையில் எடுத்து ஓடும்போது ஒரு குறையும் தெரியாது, ஒன்று, இரண்டு, மூன்று என்று வழமைபோல மாறும். 401 ஹைவேயில் ஏறி அரை மணித்தியாலம் ஓடி, பிறகு சிக்னல் உள்ள றோட்டுக்கு இறங்கினால்தான் தொடங்கும். இரண்டில் இருந்து மூன்றுக்குப் போக வேண்டிய இடத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி இழுக்காது. ஆர்பிஎம் முள் 3,500, சில நேரம் 4,000 வரைக்கும் எகிறும். காலை எடுத்துவிட்டால் ஒரு தட்டுத் தட்டிப் பிடித்துக்கொள்ளும். ஹைவேயில் நாலாம் கியரில் ஏற்றம் வந்து கொஞ்சம் அழுத்தினாலும் முள் மேலே மிதக்கிறது. முதலாம், இரண்டாம் கியர் நல்ல பலம். ரிவேர்ஸும் உடனே பிடிக்கும். செக் எஞ்சின் லைட் எரியவில்லை.

வீட்டுக்குக் கிட்ட ஒரு கராஜில் காட்டினேன். அவர் ஒரு சுற்று ஓடிப் பார்த்தார், வண்டியைத் தூக்கிக் கீழே பார்க்கவில்லை, டிப்ஸ்டிக்கைக்கூட இழுக்கவில்லை, "முழு ரீபில்ட்தான், 4,500 டொலர், கிழமை முடிய விடுங்கோ" என்று சொல்லிவிட்டார். இன்னொரு இடத்தில் ஒயில் ஃப்ளஷ் செய்தால் சரிவரும் என்றார்கள். மச்சான் சொலினோயிட் (கரண்டில் திறந்து மூடுகிற வால்வ்) மாற்றச் சொல்கிறார். நெட்டில் தேடினால் ரிவி (த்ரொட்டில் வால்வ்) கேபிளை இறுக்கு என்று எழுதியிருக்கிறார்கள், என் வண்டியில் அப்படி ஒரு கேபிளையே காணவில்லை.

பணம் கொடுக்க மாட்டேன் என்றில்லை, எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுக்க விரும்புகிறேன். ஜாக், ஸ்டான்ட், மல்ரிமீற்றர், வண்டியின் கொம்பியூட்டரை வாசிக்க போனோடு சேர்கிற ஒரு ஓபிடி அடப்டர் எல்லாம் வைத்திருக்கிறேன். டிரைவ்வேயில் வைத்து நானே எதை முதலில் பார்க்கலாம், எந்த ஒழுங்கில் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிச்சிகன்வாசி:

வணக்கம் நண்பரே. நானும் அதே தலைமுறை சில்வராடோதான் வைத்திருக்கிறேன், இங்கேயும் உங்கள் ஊர் மாதிரி ரோட்டில் உப்புக் கொட்டுகிற குளிர். டிப்ஸ்டிக்கை இழுக்காமலே 4,500 டாலர் சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்பதுதான் என் முதல் வார்த்தை.

ஆயில் அளவைப் பார்ப்பதில் நிறையப் பேர் தவறிவிடுகிறார்கள். எஞ்சின் ஆயில் மாதிரி அணைத்துவிட்டுப் பார்க்கக்கூடாது. சமதளத்தில் நிறுத்தி, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று எல்லா இடத்திலும் சில வினாடி நிறுத்தி, திரும்பப் பார்க்கில் போட்டுவிட்டு டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் 82 முதல் 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது காட்டுகிற அளவுதான் சரியான அளவு. ஒருமுறை துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள். இரு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குறைவாகக் காட்டுகிற பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றப் பக்கம் குழாயின் உள்சுவரில் தேய்த்துக்கொண்டு வந்ததாக இருக்கும்.

பிறகு அந்தத் துணியைக் கவனியுங்கள். சிவப்பு, அல்லது கொஞ்சம் பழுப்புக் கலந்த சிவப்பு என்றால் நல்ல செய்தி. கறுத்துப்போய், கருகின வாசனை மூக்கில் அடித்தால் உள்ளே ஏதோ கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கிற கூலர் ஓட்டையாகித் தண்ணீர் உள்ளே வருகிறது, அப்படி இருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

குறைவாக இருந்தால் ஆயில் எங்கே போகிறது என்று தேடுங்கள். நம்ம பக்கத்து வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது டிரான்ஸ்மிஷனிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற இரண்டு கூலர் குழாய்கள்தான். இரும்புக் குழாயும் ரப்பர் ஹோசும் சேருகிற இடத்தில் ஒரு உலோக வளையத்தை நசுக்கிப் பிடித்திருப்பார்கள், அங்கேதான் முதலில் கசியும். கீழே சொட்டாது, ஓடும்போது காற்றில் பின்னால் பறந்து எல்லா இடத்திலும் தூசியோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் தரையில் கறை இல்லை என்பதை நம்ப வேண்டாம். விரலால் அந்த வளையத்தின் அடியில் தடவிப் பாருங்கள்.

ஊற்றுவதாக இருந்தால் டெக்ஸ்ரான் 6. உங்கள் வண்டிக்கு அந்தக் காலத்தில் டெக்ஸ்ரான் 3 போட்டிருப்பார்கள், 6 அதற்குப் பதிலாக வந்ததுதான், கலந்தாலும் பிரச்சினை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், அதிகமானாலும் நுரை தள்ளி அதுவும் நழுவும்.

நீங்கள் கேட்ட டிவி கேபிள் பற்றி: அது 700ஆர்4 என்ற பழைய டிரான்ஸ்மிஷன் காலத்துச் சமாசாரம். உங்கள் வண்டியில் இருப்பது 4எல்60இ என்ற டிரான்ஸ்மிஷன், 1993ல் வந்தது, பிரஷர், கியர் மாற்றம் எல்லாம் கம்ப்யூட்டர் கையில். இறுக்குவதற்குக் கேபிளே கிடையாது.

கராஜ்_அண்ணை (பிரம்ரன்):

தம்பி, நான் இந்தக் கியர்ப் பெட்டிகளைத் திருத்துகிற வேலையில்தான் இருக்கிறேன். கேள்வியை வடிவாக எழுதியிருக்கிறீர்கள், எந்தக் கியர் நல்லம், எந்தக் கியர் பழுது, சூட்டிலா குளிரிலா என்று எல்லாம் இருக்கிறது. முக்கால்வாசிப் பதில் அதிலேயே இருக்கிறது, எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் குளவ் பொக்ஸுக்குள் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைப் பாருங்கள். மூன்றெழுத்துக் குறிகள் நிறைய இருக்கும். எம்30 என்று இருந்தால் 4எல்60இ. அதிலேயே ஜியூ6, ஜிரி4, ஜிரி5 இதில் ஏதாவது ஒன்று இருக்கும், அது பின் அக்ஸில் விகிதம், முறையே 3.42, 3.73, 4.10. ஏன் கேட்கிறேன் என்று பிறகு விளங்கும்.

இந்தப் பெட்டிக்குள் எந்தக் கியருக்கு எது வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும். முன்னுக்குப் போகிற நாலு கியருக்கும் ஃபோர்வேட் கிளட்ச் பொது. இரண்டாம் கியரில் அதோடு 2-4 பான்ட் என்று ஒரு பட்டி இறுகும். மூன்றாம் கியரில் பட்டி விட்டுவிட்டு 3-4 கிளட்ச் பிடிக்கும். நாலாம் கியரில் 3-4 கிளட்ச் பிடித்தபடியே இருக்க, பட்டி திரும்ப இறுகும். ரிவேர்ஸுக்கு ரிவேர்ஸ் இன்புட் கிளட்சும் லோ-ரிவேர்ஸ் கிளட்சும், அது வேறு கூட்டணி.

இப்போது உங்கள் வண்டியை இதில் வைத்துப் பாருங்கள். இரண்டு நன்றாக இருக்கிறது, ஆகவே ஃபோர்வேட் கிளட்சும் பட்டியும் பிழையில்லை. ரிவேர்ஸ் பிழையில்லை. மூன்றும் நாலும் நழுவுகிறது. இந்த இரண்டுக்கும் பொதுவாக இருந்து மற்ற ஒன்றிலும் இல்லாதது 3-4 கிளட்ச் மட்டும்தான். இரண்டும் நாலும் ரிவேர்ஸும் ஒரே நாளில் போய்விட்டது என்று ஒருவர் வந்தால் சன் ஷெல் (உள்ளே சன் கியரைச் சுழற்றுகிற உலோகக் கிண்ணம்) உடைந்துவிட்டது என்று வண்டியைத் தூக்காமலே சொல்வேன். இரண்டும் நாலும் மட்டும் போனால் பட்டி, அல்லது பட்டியை இறுக்குகிற சேவோ. ஒவ்வொரு பழுதுக்கும் இப்படி ஒரு கியர்ச் சேர்க்கை இருக்கிறது.

சூட்டில் மட்டும் வருவதும் இதற்குத்தான் பொருந்துகிறது. மேலே நண்பர் சொன்னபடி ஒயில் அளவைக் கட்டாயம் பாருங்கள், ஆனால் ஒன்றை யோசியுங்கள்: ஒயில் சூடானால் விரியும், அளவு கூடும். வெறும் ஒயில் குறைவுதான் பிழை என்றால் காலையில் குளிரில்தான் கூடுதலாகக் காட்டியிருக்கும். உங்களுக்கு நேர்மாறு. சூட்டில் ஒயில் தண்ணீராகி, காய்ந்து இறுகிப்போன ரப்பர் சீல்களைத் தாண்டி ஒழுகுகிறது, கிளட்சை அமுக்குகிற அழுத்தம் போதாமல் போகிறது. மூன்றாம் கியருக்குப் போகிற அதே ஒயில்தான் சேவோவின் மறுபக்கத்தில் போய்ப் பட்டியையும் தளர்த்துகிறது. பட்டி விட்டுவிட்டது, கிளட்ச் இன்னும் பிடிக்கவில்லை, அந்த இடைவெளியில்தான் உங்கள் முள் 4,000க்கு ஏறுகிறது.

சரி, சொலினோயிட்டா என்று கேட்டால், இந்தப் பெட்டியில் கியர் மாற்ற இரண்டு சொலினோயிட் இருக்கிறது, ஏ, பி என்று வையுங்கள். முதலாம் கியரில் இரண்டும் ஓன். இரண்டாம் கியரில் ஏ ஓஃப், பி ஓன். மூன்றில் இரண்டும் ஓஃப். நாலில் ஏ ஓன், பி ஓஃப். அவை திறக்கும் அல்லது மூடும், அரைகுறையாகப் பிடிப்பது அவற்றின் குணம் இல்லை. பி ஓன் நிலையில் இறுகிவிட்டால் உங்களுக்கு மூன்றும் நாலும் வரவே வராது, காலை எடுத்தாலும் வராது, கியர்கள் 1-2-2-1 என்று போகும். ஓஃப் நிலையில் இறுகினால் 4-3-3-4, வண்டி சிக்னலில் இருந்து கிளம்பவே கஷ்டப்படும். பியூஸ் போய்க் கரண்டே இல்லையென்றால் டியில் போட்டதும் மூன்றாம் கியரிலேயே கிளம்பும், ஒவ்வொரு முறையும் லீவரைப் போடும்போது பலமாக இடிக்கும், ஏனென்றால் பிரஷர் சொலினோயிட்டுக்குக் கரண்ட் இல்லாவிட்டால் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். உங்கள் வண்டி இதில் ஒன்றையும் செய்யவில்லை. மச்சானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், சொலினோயிட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இதை நான் சொல்கிறேன் என்று நம்பாமல் நீங்களே உறுதிப்படுத்துங்கள். ஓபிடி அடப்டரில் ஜிஎம் வண்டிகளுக்கான விவரங்கள் காட்டுகிற ஒரு அப் போட்டு, கொம்பியூட்டர் எந்தக் கியரைக் கேட்கிறது என்பதைத் திரையில் வையுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து பார்க்கட்டும், நீங்கள் றோட்டைப் பாருங்கள். முள் எகிறும் நேரம் திரை 3 என்று காட்டினால் கொம்பியூட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, பிழை பெட்டிக்குள். 2 என்றே நின்றால் பிழை சென்சர், வயர் பக்கம், அப்போது மல்ரிமீற்றரை எடுக்கலாம், பெட்டியின் வலது பக்கத்தில் இருக்கிற வட்டக் கனெக்டரைக் கழற்றி உள்ளே ஒயில் ஏறியிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு ஷிஃப்ட் சொலினோயிட்டுகளையும் அளந்தால் 20 ஓம் சுற்றி, சூட்டில் 30 வரை, காட்ட வேண்டும்.

அக்ஸில் விகிதம் ஏன் கேட்டேன் என்றால், நாலு கியரின் விகிதம் 3.06, 1.63, 1.00, 0.70. 3.73 அக்ஸிலும் வழமையான 16 அங்குல ரயரும் என்றால் 80 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டாம் கியரில் 3,200 சுற்று, மூன்றாம் கியரில் 2,000, நாலாம் கியரில் 1,400 கிட்ட வர வேண்டும். இந்த மூன்று இலக்கத்துக்கும் இடையில் முள் அலைந்தால் ஏதோ ஒன்று நழுவுகிறது.

நாலாம் கியர் மிதப்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது ரோர்க் கொன்வேட்டர் (எஞ்சினையும் பெட்டியையும் ஒயிலால் இணைக்கிற பாகம்) லொக் நழுவுவதாகவும் இருக்கலாம். சமமான ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது காலை எடுக்காமல் இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள், லைட் எரிகிற அளவு போதும், பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து. லொக் விட்டு முள் இருநூறு, முந்நூறு ஏறித் திரும்ப இறங்கினால் லொக் வேலை செய்கிறது. தொட்டும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் லொக் ஏற்கெனவே பிடிக்கவில்லை. கொம்பியூட்டர் சேமித்து வைத்த பிழைக் கோட்களில் பி1870 இருக்கிறதா என்றும் பாருங்கள், லைட் எரியாமலும் அது உள்ளே கிடக்கலாம். வால்வ் பொடியில் (ஒயிலை வழிப்படுத்துகிற வால்வ்கள் உள்ள பகுதி) அந்த லொக்கைக் கட்டுப்படுத்துகிற வால்வ் ஓடும் துளை தேய்ந்தால் வருகிற கோட் அது.

இவ்வளவும் செய்த பிறகு பெட்டிக்கு அடியில் இருக்கிற ஒயில் தட்டை, அதாவது பானைக் கழற்றிப் பாருங்கள். 16 போல்ற். எக்ஸோஸ்ட் குழாய் இடிக்கும், பொறுமை வேண்டும். அதற்குள் இருக்கிற காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் அது வயதுக்குரியது. பானின் அடியில் கறுப்பாக மண்டி படிந்திருந்தால் கிளட்ச் தகட்டின் மேல்பூச்சு. வெண்கல மினுக்கம் தெரிந்தால் புஷ்ஷிங்கும் போகிறது.

மரவேலைக்காரன்:

அண்ணை, மிச்சிகன் நண்பர், இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டிக்குக் கீழேதான் கிடந்தேன்.

ஸ்ரிக்கரில் எம்30, ஜிரி4. ஒயில் சூட்டில், எஞ்சின் ஓடப் பார்த்தபோது கோட்டுக்குக் கீழே இருந்தது. நிறம் கறுப்பு, கருகின மணம் இருக்கிறது, ஆனால் பால் மாதிரி இல்லை. மிச்சிகன் நண்பர் சொன்ன வளையம் சொல்லி வைத்த மாதிரி. ரேடியேற்றர் பக்கத்தில் கீழ்க் குழாயின் வளையத்துக்கு அடியில் விரலை விட்டால் ஈரம், துருவோடு சேர்ந்து சிவந்த சேறு மாதிரி விரலில் வந்தது. அதைத் துடைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் மெதுவாக ஒரு முத்துச் சேர்கிறது. தரையில் ஒரு சொட்டும் இருந்ததில்லை.

டெக்ஸ்ரான் 6 கோட்டுக்கு வரும்வரை ஊற்றினேன். ஒரு லீற்றருக்கு மேலே போனது. கொஞ்சம் குறைந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சூடானதும் திரும்ப அதே கதை. மனைவி போனைப் பிடித்துக்கொண்டு வந்தார். முள் எகிறும் ஒவ்வொரு தடவையும் திரை 3 என்றுதான் காட்டியது. 80இல் நாலாம் கியரில் 1,400 கிட்ட நிற்கிறது, ஏற்றத்தில் அழுத்தினால் 1,900 வரை ஏறி அலைகிறது. பிரேக்கைத் தொட்டால் நீங்கள் சொன்ன மாதிரி ஏறி இறங்குகிறது. பி1870 இல்லை, வேறு கோட்டும் இல்லை.

பானையும் கழற்றினேன். காந்தத்தில் சாம்பல் பசை கொஞ்சம். ஆனால் பானின் அடி முழுக்க கறுப்பு மண்டி, விரலால் இழுத்தால் கோடு விழுகிற அளவுக்கு. வெண்கல மினுக்கம் என் கண்ணுக்குப் படவில்லை. புது ஃபில்ரர் போட்டு, புது ஒயில் விட்டு மூடிவிட்டேன், பழைய ஃபில்ரரின் கழுத்துச் சீல் மேலே மாட்டியிருந்தது, அதையும் எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட்டேன்.

இனி என்ன? ஃப்ளஷ் செய்வதில் ஏதாவது பிரயோசனம் இருக்கிறதா? ரீபில்ட் என்றால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும்?

ஏஜக்ஸ்பக்கம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பழைய வண்டிக்கு ரீபில்ட் செய்வதை விட, உடைத்து விற்கிற யார்டில் பாவித்த பெட்டி ஒன்றை எடுத்துப் போடலாமே. நான் என் வேலை வண்டிக்கு அப்படித்தான் செய்தேன், இன்றைக்கும் ஓடுகிறது, ரீபில்டுக்குக் கேட்ட காசில் பாதிகூட முடியவில்லை. யார்டில் வண்டி இன்னும் முழுதாக நின்றால் ஓடோமீற்றரைப் பார்க்கலாம், பெட்டியின் டிப்ஸ்டிக்கை மணந்து பார்க்கலாம், பானைத் திறந்து காட்டச் சொல்லலாம். தெற்கில் இருந்து வந்த வண்டி என்றால் துருவும் குறைவு. வேலை வண்டி வாரக்கணக்கில் கராஜில் நின்றால் நட்டம் யாருக்கு? அதையும் கணக்கில் சேருங்கள்.

கராஜ்_அண்ணை (பிரம்ரன்):

தம்பி, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. கொம்பியூட்டர் 3 கேட்கிறது, பெட்டி கொடுக்கவில்லை, லொக் பிடிக்கிறது, பானில் கிளட்ச் மண்டி. 3-4 கிளட்ச் எரிந்துவிட்டது. பழுதான குழாயில் ஒயில் கசிந்து, நீண்ட காலம் குறைந்த அளவில் பாரம் இழுத்ததும் அதற்குக் கைகொடுத்திருக்கும். ஃப்ளஷ் வேண்டாம். எரிந்துபோன தகட்டுக்கு மேலே எவ்வளவு புது ஒயில் ஓடினாலும் பூச்சுத் திரும்ப வராது. ஆகவே முதலாவது கராஜ்காரர் சொன்ன முடிவு சரிதான், ஆனால் பார்க்காமல் சொன்னவர் திறந்த பிறகும் பார்க்காமல் பூட்டுவார், எனக்கு அந்தப் பயம்தான்.

இன்னும் ஒரே ஒரு சோதனை மிச்சம், அதைக் கராஜிலேயே செய்யலாம். பெட்டியின் இடது பக்கத்தில் ஒரு சின்ன பிளக் இருக்கிறது, அதில் பிரஷர் கேஜ் பூட்டிச் சூட்டில் பார்க்க வேண்டும். டியில் ஐட்லில் 60 பிஎஸ்ஐ சுற்றி இருந்து, மிதிக்கும்போது 150க்கு மேலே ஏறினால் பம்ப் உயிரோடு இருக்கிறது. அது ஏறாவிட்டால் பம்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், எஸ்ரிமேட்டும் அதற்கேற்ப மாறும். இந்தக் கேஜைப் பூட்டிப் பார்க்கச் சம்மதிக்கிற இடத்தில் வண்டியை விடுங்கள், கராஜைத் தெரிவு செய்ய என்னிடம் இருக்கிற அளவுகோல் அதுதான்.

ரீபில்ட் என்று வந்தால் "கிளட்ச் செற் மாற்றினோம்" என்பதோடு விட வேண்டாம். இதையெல்லாம் எழுதிக் கேளுங்கள். இன்புட் ட்ரம்மில் 3-4 கிளட்சுக்கு உரிய செக் போல் கப்ஸ்யூலை (ஒயிலை ஒழுகவிடாமல் அடைக்கிற சின்னக் குண்டு வால்வ்) மாற்றுவார்களா, அது ஒழுகினால் புதுக் கிளட்சும் ஒரு வருடத்தில் எரியும். தகடுகளுக்கு இடையிலான இடைவெளியை அளந்து பூட்டுவார்களா. சன் ஷெல்லுக்குப் பலப்படுத்திய ஷெல் போடுவார்களா, பெட்டி திறந்திருக்கும்போது அதற்கு ஆகும் மேலதிகச் செலவு சிறிது, பிறகு உடைந்தால் முழுப் பெட்டியும் திரும்ப இறங்க வேண்டும். கியர் மாறும் இடியைத் தணிக்கிற அக்கியூமுலேட்டர் பிஸ்ரன்களை மாற்றுவார்களா, அவை அலுமினியத்தில் கிடைக்கிறது. வால்வ் பொடியில் லொக் வால்வ் துளை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் துளையை விரித்து ஸ்லீவ் போடுவார்களா. உங்களுக்குக் கோட் இல்லை என்பதற்காக விட வேண்டாம், 290,000 கிலோமீற்றரில் அது வரிசையில் நிற்கிறது. ரோர்க் கொன்வேட்டரைக் கட்டாயம் மாற்ற வேண்டும், அதற்குள் இருக்கிற மண்டியைக் கழுவி எடுக்க வழியில்லை.

ஏஜக்ஸ் தம்பி சொன்ன பாவித்த பெட்டி கெட்ட யோசனை இல்லை. வண்டியை இன்னும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடிவிட்டு விற்கப் போகிறார் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். 1999 தொடக்கம் 2006 வரையான 4.8 அல்லது 5.3 வி8 வண்டியில் இருந்துதான் எடுக்க வேண்டும், வி6 வண்டியின் பெட்டி வேறு, நாலு சில்லு இழுப்புக்கும் இரண்டு சில்லு இழுப்புக்கும் பின்பக்கம் வேறு. ஆனால் பாரம் இழுக்கிற வண்டி, சேஸி நல்லம், எஞ்சின் நல்லம், வைத்திருக்கப் போகிறேன் என்று இவர் சொல்கிறார். அதே வயதுப் பெட்டிக்குள் அதே வயதுச் சீல்கள்தான் இருக்கும். இவருக்கு ரீபில்ட்தான் பொருந்தும் என்பது என் முடிவு.

ஒன்ராறியோவில் இருக்கிறீர்கள், ஆகவே இதையும் தெரிந்து வையுங்கள். 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாகனம் திருத்துகிறவர் எழுத்தில் எஸ்ரிமேட் தர வேண்டும், நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. எழுதிய தொகையை விட 10 சதவீதத்துக்கு மேலே கூட்டி வாங்க முடியாது. கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தர முன்வர வேண்டும், கேட்டு வாங்குங்கள், எரிந்த தகடுகளையும் பழைய ஷெல்லையும் கையில் வாங்கிப் பாருங்கள். புதிய, திருத்திய சாமான்களுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் சட்டப்படி இருக்கிறது. நல்ல கராஜ்கள் ஒரு வருடம் தருகின்றன, அதற்குக் குறைந்தால் எனக்குத் திருப்தி வராது.

மரவேலைக்காரன்:

விளங்கியது அண்ணை. பிரஷர் கேஜ் பூட்டிப் பார்க்கிறோம் என்று சொன்ன ஒரு இடம் பிக்கரிங் பக்கத்தில் கிடைத்திருக்கிறது, போனிலேயே செக் போல் கப்ஸ்யூல் பற்றிக் கேட்டேன், உடனே பதில் சொன்னார்கள், ஷெல்லும் கொன்வேட்டரும் சேர்த்து எழுதித் தருகிறோம் என்றார்கள். அடுத்த கிழமைதான் இடம் இருக்கிறது. அதுவரைக்கும் வேலைக்கு ஓடலாமா? கூலர் குழாயை நானே மாற்றட்டுமா, அல்லது அவர்களிடமே விடட்டுமா?

கராஜ்_அண்ணை (பிரம்ரன்):

ட்றெயிலரைக் கொழுவ வேண்டாம். பாரமும் ஏற்ற வேண்டாம். வேறு வழியில்லை என்றால் கிட்ட இடங்களுக்கு மட்டும் ஓடுங்கள், முள் எகிறத் தொடங்கியதும் அதோடு மல்லுக்கட்டாமல் காலை எடுத்துவிடுங்கள், நழுவ நழுவ உள்ளே சூடு ஏறும், இப்போது நன்றாக இருக்கிற பட்டியும் சேர்ந்து எரியும், அந்த மண்டி எல்லாம் பம்புக்கும் வால்வ் பொடிக்கும் போகும். 401 வேண்டாம்.

குழாய்களை நீங்களே மாற்றலாம், ஆனால் இப்போது மாற்ற வேண்டாம். பெட்டி கீழே இறங்கியிருக்கும்போது அவர்களுக்கு அது மிகச் சின்ன வேலை, இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள், ஒழுகுகிற ஒன்றை மட்டும் அல்ல, மற்றதும் அதே உப்பைத்தான் தின்றிருக்கிறது. ரேடியேற்றருக்குள் இருக்கிற கூலரைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். கழுவின பிறகும் கறுப்பு வந்துகொண்டிருந்தால் ரேடியேற்றரையே மாற்றிவிடுங்கள், பழைய மண்டி ஒரு பிடி புதுப் பெட்டிக்குள் போனால் போதும். ட்றெயிலர் இழுக்கிறீர்கள் என்பதால் முன்னால் வெளியே ஒரு மேலதிகக் கூலரும் போட்டுவிடுங்கள். வண்டி திரும்ப வந்து முதல் கிழமை முழுக்க ஒவ்வொரு நாளும் சூட்டில், எஞ்சின் ஓட, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்தால் ஊற்றிவிட்டு விடாமல் அன்றைக்கே அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.